பாட வந்து பாடாய்ப்படுத்தியவை: கேசட் முதல் எம்பி3 பிளேயர் வரை

கடைசிப்பெஞ்சு எழுதியது:

பழைய பாட்டுச் சாதனங்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் 'அதெல்லாம் ஒரு காலம்' என்ற பெருமூச்சில் போய் முடிகிறது. இந்த இழையில் பெருமூச்சுக்குத் தடை. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாதனங்களைப் பற்றி மட்டும் பேசுவோம். ஒவ்வொன்றும் நம்மை எப்படிப் பாடாய்ப்படுத்தியது, ஏன் படுத்தியது என்று எழுதுங்கள். இசைத்தட்டுக்கும் வீட்டு ஸ்டீரியோவுக்கும் வேறு இழை திறந்துகொள்ளலாம்.

என் வழக்கு கேசட்டின் மீது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் அதை வெளியிட்டபோது முக்கியமாகப் பேச்சைப் பதிவுசெய்யத்தான் நினைத்திருந்தது. நாடாவின் அகலம் 3.81 மி.மீ., வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. அந்த அகலத்துக்குள் போக இரண்டு தடம், வர இரண்டு தடம் என்று நான்கு தடங்களை அடக்கி, அதில் நாம் இசை கேட்டோம். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. கேசட்டின் கூடு ஒரே அளவுதான். அதற்குள் அதிக நீளம் சுற்ற வேண்டுமானால் நாடாவை மெலிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சி-60 நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 சுமார் 9. 'இரண்டு மணி நேரம் பாடும்' என்று ஆசைப்பட்டு சி-120 வாங்கியவர்கள் எல்லோரும் அதை டேப் ரெக்கார்டரின் வயிற்றிலிருந்து குடல் உருவுவது போல் உருவி எடுத்திருப்பார்கள்.

ஒரு படத்தின் ஐந்து பாட்டு இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். அதனால்தான் கடையில் விற்ற கேசட்டுகளில் பக்கத்துக்கு ஒரு படம் என்று இரண்டு படங்களைச் சேர்த்துப் போட்டார்கள். நாமே பதிவுசெய்து வாங்கும்போதுதான் வம்பு. மிச்சமிருக்கும் இடத்தில் ஆறாவது பாட்டையும் ஏற்றச் சொல்வோம்; அது இரண்டாவது சரணத்தின் நடுவில் நிற்கும். சில பாடல்களின் முடிவு எனக்குப் பல ஆண்டுகள் தெரியாமலேயே இருந்தது.

பதிவகம் எழுதியது:

பாட்டு அறுந்ததற்குக் கடைக்காரனைக் குறை சொல்ல வந்துவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் முந்திக்கொள்கிறேன். எண்பதுகளில் கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன் நான். வாடிக்கையாளர் நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்துப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார். எங்களிடம் நீளமான பேரேடு ஒன்று இருக்கும். அதில் படத்தின் பெயர், எல்.பி. இசைத்தட்டின் எண், எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு, எத்தனை நிமிடம் என்று எல்லாம் இருக்கும். கூட்டிப் பார்த்து "இது அடங்காது, ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்போம். யாரும் எடுக்க மாட்டார்கள். "போகிற வரைக்கும் போகட்டும்" என்பார்கள். போகிற வரைக்கும் போனது. அவ்வளவுதான்.

நல்ல கடைகள் இசைத்தட்டிலிருந்து நேரடியாகப் பதிந்து கொடுத்தன. அவசரக் கடைகள் இரட்டை டெக்கில் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு இரு மடங்கு வேகத்தில் ஏற்றின. அப்படி ஏற்றினால் ஜாலரா, வயலின் போன்ற உச்ச ஒலிகள் மழுங்கிப்போகும். வாடிக்கையாளருக்குக் காரணம் தெரியாது. கேசட் கம்பெனியைத் திட்டுவார்.

நாடாவைப் பற்றி மட்டும் சொன்னீர்கள், நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் ஹெட்டை விட்டுவிட்டீர்கள். ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கு இருக்கிறது. அது நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் உச்ச ஒலி போய்விடும். பதிந்த இயந்திரத்திலேயே கேட்டால் இரண்டும் ஒரே சாய்வில் இருப்பதால் குறை தெரியாது. பக்கத்து வீட்டு இயந்திரத்தில் போட்டால்தான் குட்டு வெளிப்படும். ஹெட்டின் ஓரத்தில் ஒரு சிறிய திருகு உண்டு. பாட்டை ஓடவிட்டு, கடிகாரத் திருப்புளியால் அதைக் கால் சுற்று திருப்பினால் சகாரம் 'ஸ்ஸ்' என்று திறந்துகொண்டு வரும். அந்தக் கணத்தில் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வினோதம். மெல்லிய நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாகப் படிந்துவிடும். நீண்ட நாள் அலமாரியில் கிடந்த கேசட்டில், பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்பே அதன் முதல் சொல் கிசுகிசுப்பாகக் கேட்கும். பேய் பிடித்த கேசட் என்று ஒருவர் திருப்பிக் கொடுக்கவே வந்தார்.

நாங்கள் செய்தது சட்டப்படி சரியா என்று யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: சரியில்லை. 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். போலீஸ் வருகிறது என்று சேதி வந்தால் பேரேடுதான் முதலில் பரணுக்குப் போகும்.

தாழம்பூ எழுதியது:

கல்லூரி விடுதியில் வாக்மேன் வைத்திருந்த பெண்களின் சார்பில் எழுதுகிறேன்.

சோனி தன் முதல் வாக்மேனை ஜப்பானில் 1979 ஜூலை 1 அன்று 33,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. அதில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது மரியாதைக் குறைவாகப்படுமோ என்று சோனியின் நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா தயங்கியதுதான் காரணம். ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது மைக் வழியாகக் காதில் விழும். எவ்வளவு நல்ல மனம்! பின்னால் வந்த மாடல்களில் இரண்டும் காணாமல்போயின. இன்னொருவர் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இந்தப் பொருளின் பெரிய வசதி என்று அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது போலும்.

எனக்கு வாய்த்தது பர்மா பஜாரில் வாங்கிய பெயரில்லா வகை. அதில் பின்னோக்கிச் சுற்றும் பொத்தானே கிடையாது. ஒரே திசைக்குப் பல்சக்கரம் வைத்தால் செலவு குறைவு. அதனால் ஓடவிடு, முன்னோக்கிச் சுற்று, நிறுத்து என்று மூன்றே பொத்தான்கள். ஒரு பாட்டை மீண்டும் கேட்க வேண்டுமானால் கேசட்டை வெளியே எடுத்து, திருப்பிப் போட்டு, முன்னோக்கிச் சுற்றி, மறுபடி எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். எவ்வளவு நேரம் சுற்றினால் எந்தப் பாட்டு வரும் என்பதை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே செய்வோம்.

அதுவும் பேட்டரி இருந்தால்தான். பேட்டரி தீரத் தீர மோட்டார் தளர்ந்து பெண் குரல் ஆண் குரலாகிவிடும். அதனால் சுற்றுகிற வேலையெல்லாம் பென்சிலுக்கு. கேசட் சக்கரத்தில் ஆறு பல், பென்சிலுக்கு ஆறு பட்டை. சொருகிக் கையைச் சுழற்றினால் போதும். தீர்ந்த பேட்டரியை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் மேலும் இரண்டு பாட்டுக்கு உயிர் வரும். சூட்டில் உள்ளிருக்கும் வேதிவினை கொஞ்சம் வேகம் பிடிக்கும் என்று வேதியியல் படித்த அறைத்தோழி விளக்கினாள். விளக்கம் கொடுத்துவிட்டு என் பேட்டரியைத்தான் எடுத்துக்கொண்டு போவாள்.

கரவெட்டியான் எழுதியது:

தாழம்பூ அக்கா, நீங்கள் பற்றரியை வெயிலில் வைத்த கதை சொல்கிறீர்கள். எங்களுக்கு வெயிலில் வைக்கப் பற்றரியே இல்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. அரசாங்கம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தடை போட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்று. ஆனால் சைக்கிள் எல்லோரிடமும் இருந்தது, அதில் டைனமோவும் இருந்தது. டைனமோ தருவது 6 வோல்ட். நான்கு பற்றரி போடும் றேடியோவுக்கும் கசற் பிளேயருக்கும் வேண்டியது அதே 6 வோல்ட். பிறகென்ன, சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். மாலையில் பி.பி.சி. தமிழோசைச் செய்திக்குத்தான் முதலிடம். செய்தி முடிந்த பிறகு பெரியவர்கள் எழும்பிப் போனால் பாட்டு.

செய்தி கேட்கும்போது சுற்றுகிறவர் சற்றுத் தளர்ந்தால் சத்தம்தான் குறையும். கசற் அப்படியல்ல. கை தளர்ந்தால் பாட்டே இழுபடும். உற்சாகம் வந்து வேகமாகச் சுற்றினால் பாடகர் அவசரப்படுவார். என் சின்ன அண்ணன் ஒரே சீராகச் சுற்றுவார். அதனால் ஊரில் யார் வீட்டில் பாட்டுப் போட்டாலும் அவரைக் கூப்பிடுவார்கள். பாட்டு முடியும்வரை அவருக்கு வியர்க்கும், மற்றவர்கள் கேட்பார்கள்.

மின்கம்பம் எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். சைக்கிள் டைனமோவில் வருவது மாறுதிசை மின்சாரம். நேரே கொடுத்தால் பிளேயர் ஓடாது, உறுமும். வேகமாகச் சுற்றினால் வோல்ட்டும் ஏறுமே?

கரவெட்டியான் எழுதியது:

உறுமத்தான் செய்தது. உடைந்த றேடியோக்களில் இருந்து நான்கு டயோட்டைக் கழற்றிப் பாலம் போட்டு நேர்மின்சாரமாக்கினோம். ஒரு பெரிய கப்பாசிற்றரும் சேர்த்தால் உறுமல் அடங்கும். வோல்ட் ஏறாமல் இருக்க சைக்கிள் முன்விளக்கையும் கூடவே எரியவிடுவோம். மிச்சத்தை அது தின்றுவிடும். படிக்கிற பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வதும் உண்டு.

ஹட்சன் கரை எழுதியது:

எனக்கு அமெரிக்காவில் ஒரு பழைய பொருள் சந்தையில் கிடைத்த விசித்திரத்தைச் சொல்கிறேன்: எட்டுத் தட கார்ட்ரிட்ஜ். ஃபோர்டு கார்களில் 1965-இல் வந்தது. உள்ளே ஒரே ஒரு சக்கரம். நாடாவின் இரு முனையையும் ஒட்டி முடிவில்லாத வளையமாக்கியிருப்பார்கள். நாடா சுருளின் மையத்திலிருந்து உருவி வெளியே வந்து, ஹெட்டைத் தொட்டுவிட்டு, சுருளின் வெளிப்புறத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் பின்னோக்கிச் சுற்றவே முடியாது. எட்டுத் தடங்களை இரண்டிரண்டாகப் பிரித்து நான்கு பகுதிகள். ஒட்டிய இடத்தில் உலோகத் தகடு ஒன்று இருக்கும். அது கடக்கும்போது ஹெட் 'டொக்' என்ற சத்தத்துடன் அடுத்த பகுதிக்கு நகரும். நான்கு பகுதியும் சம நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பாடல்களின் வரிசையையே மாற்றுவார்கள். அப்படியும் அடங்காத பாட்டு நடுவில் மெல்லத் தணிந்து, 'டொக்' கேட்டு, மெல்ல எழும். கடைசிப்பெஞ்சு அவர்களே, உங்கள் அறுந்த சரணத்துக்கு இது எவ்வளவோ மேல் அல்லவா?

சிராங்கூன் எழுதியது:

எல்லோரும் கேசட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மினிடிஸ்க்கை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. இந்தியாவில் அது பரவலாகக் கிடைக்காததால் இருக்கலாம். சிங்கப்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் ஒரு காலத்தில் கடைக்குக் கடை தொங்கியது.

சோனி 1992 இறுதியில் ஜப்பானில் வெளியிட்டது. 64 மி.மீ. தட்டு, அதற்கு உலோகக் கதவு வைத்த ஒரு பிளாஸ்டிக் உறை. சட்டைப்பையில் போடலாம், கீறல் விழாது. பதிவுசெய்யும் முறைதான் அழகு. தட்டின் ஒரு புள்ளியை லேசர் சுமார் 180 டிகிரி வரை சூடாக்கும். சூட்டில் அந்தப் புள்ளி தன் காந்தத்தன்மையை இழக்கும். மறுபுறமிருந்து காந்த ஹெட் புதிய திசையை எழுதும். ஆறியதும் அது நிலைத்துவிடும். அறை வெப்பத்தில் சாதாரணக் காந்தம் பக்கத்தில் வந்தாலும் அழியாது. கேசட் வைத்திருந்தவர்கள் ஸ்பீக்கர் மேல் வைக்காதே என்று கத்திக்கொண்டிருந்த காலத்தில் இது.

அதைவிடப் பெரிது, தட்டிலேயே வெட்டி ஒட்டும் வசதி. இரண்டு மணி நேரக் கச்சேரியில் தம்பூரா சுருதி கூட்டும் இடத்தை வெட்டிவிடலாம். ராகம் தனி, கிருதி தனி, தனி ஆவர்த்தனம் தனி என்று பிரிக்கலாம். வரிசை மாற்றலாம். இசைத் தரவு நகரவே நகராது. தட்டின் தொடக்கத்தில் இருக்கும் உள்ளடக்கப் பட்டியல் மட்டும் மாறும். பலவீனமும் அங்கேதான். பதிவை நிறுத்திய பிறகுதான் அந்தப் பட்டியலைத் தட்டில் எழுதும். திரையில் எழுத்து மின்னும்போது பேட்டரி கழன்றாலோ யாராவது மோதினாலோ, கச்சேரி முழுவதும் தட்டில் இருந்தும் அது எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. சபாவில் மங்களம் முடிந்து கூட்டம் எழும்போது நான் ரெக்கார்டரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் இன்னும் உருகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

பெயர் எழுதுவது தனி வேதனை. சின்னச் சக்கரத்தைத் திருகி எழுத்து எழுத்தாக நிறுத்த வேண்டும். ஆங்கிலம் உண்டு, ஜப்பானிய கட்டகானா உண்டு, தமிழ் இல்லை.

இத்தனையும் இருந்தும் அதைக் கொன்றது வெளி ஆளில்லை, பெற்றவர்களேதான். 2001-இல் கணினியோடு இணைக்கும் நெட்எம்டி வந்தது. கணினியிலிருந்து தட்டுக்குப் பாட்டை ஏற்றலாம். ஆனால் மைக் வைத்து நீங்களே பதிந்ததைத் தட்டிலிருந்து கணினிக்கு எடுக்க முடியாது! ஹெட்போன் துளையில் கம்பி சொருகி, 74 நிமிடப் பதிவை 74 நிமிடம் ஓடவிட்டு, கணினியில் மறுபதிவு செய்ய வேண்டும். பாட்டு விற்கும் கம்பெனியும் கருவி விற்கும் கம்பெனியும் ஒன்றாக இருந்தால் இப்படித்தான். பழைய தட்டுகளிலிருந்து நேரடியாகக் கணினிக்கு எடுக்க அனுமதித்த எம்.இசட்-ஆர்.எச்.1 என்ற மாடல் 2006-இல் வந்தது. அதற்குள் ஐபாடுக்கு ஐந்து வயது.

பதிவகம் எழுதியது:

எல்லாம் சரி சிராங்கூன் சார், ஆனால் மினிடிஸ்க்கில் இருப்பது முழு ஒலியில்லையே. சி.டி.யில் உள்ளதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் எழுதப்படுகிறது. மிச்சம் காதுக்குத் தெரியாது என்று அவர்களே முடிவுசெய்து தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கேசட் இரையும், உண்மைதான். ஆனால் அது எதையும் தெரிந்தே எறியவில்லை. முடிந்ததைப் பதிந்தது, முடியாததை விட்டது. ஆரம்பகால மினிடிஸ்க்கில் கஞ்சிராவைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

சிராங்கூன் எழுதியது:

ஆரம்பகாலத்தை வைத்தே பேசுவதானால் 1963-ஆம் ஆண்டுக் கேசட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம். மினிடிஸ்க்கின் ஏட்ராக் என்ற ஒலிச் சுருக்கமுறை தொண்ணூறுகளின் நடுவிலேயே வெகுவாகத் தேறிவிட்டது. உங்கள் கேசட்டின் இரைச்சலை அடக்க டால்பி என்று ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டால்பி போட்டுப் பதிந்ததை டால்பி இல்லாமல் கேட்டால் கீச்சிடும், டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் மந்தமாகும். அந்தப் பொத்தானை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. இதைவிடவா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கேசட்டைத் திறந்து பழுதுபார்க்கலாம். மினிடிஸ்க் பிளேயரின் லேசர் போனால் போனதுதான். வெற்றுத் தட்டுகள் தயாரிப்பதையும் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நான் முன்கூட்டியே ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டேன்.

கொண்டைஊசி எழுதியது:

சி.டி.வாக்மேனை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் கேட்டவன் என்ற தகுதியில் பேசுகிறேன். சோனியின் முதல் கைச் சி.டி. பிளேயர் டி-50, 1984-இல் வந்தது. தட்டே 12 செ.மீ. விட்டம், எந்தச் சட்டைப்பையிலும் நுழையாது. மடியில் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்துக் கல்லாறு வரை ஒழுங்காகப் பாடும். அதன்பிறகு வளைவுக்கு வளைவு ஒரு சொல்லைக் குதிக்கும், அல்லது ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு விடாது.

பிறகு அதிர்ச்சித் தடுப்பு என்று ஒரு வசதி வந்தது. தட்டை வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றி, முன்கூட்டியே சில நொடி இசையைப் படித்து நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். லேசர் தடம் தவறினாலும் சேமிப்பிலிருந்து பாட்டு ஓடும். அதற்குள் லேசர் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் மூன்று நொடி, பிறகு பத்து, பிறகு நாற்பது என்று பெட்டியின் மேல் எண்கள் ஏறின. ஆனால் வளைவு ஒன்றா இரண்டா? சேமிப்பு தீர்ந்துவிட்டால் பாட்டு முழுமையாக நின்று, தட்டு உள்ளே 'கிர்ர்' என்று தேடும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வசதியைப் போட்டால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஒலியும் கொஞ்சம் குறைந்தது என்று காது கூர்மையானவர்கள் சண்டை போட்டார்கள். பல மாடல்களில் நினைவகத்தில் நிறைய நொடிகளை அடக்க இசையைச் சுருக்கித்தான் வைத்தார்கள், அதனால் சண்டையில் நியாயம் உண்டு.

காரில் கேட்க இன்னொரு தந்திரம். கேசட் வடிவத்தில் ஒரு வெற்றுக் கூடு, அதிலிருந்து ஒரு கம்பி. கூட்டை கார் டேப்பில் தள்ளி, கம்பியை சி.டி.வாக்மேனில் சொருக வேண்டும். நாடா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய ஹெட் இருக்கும். அது கார் டேப்பின் ஹெட்டோடு முகத்துக்கு முகம் உட்கார்ந்து காந்த அலையாகப் பாட்டைக் கொடுக்கும். நாடாவே இல்லாமல் டேப் பாடும். இந்த இழையில் இதுவரை சொன்னவற்றில் மிகக் கெட்டிக்காரப் பொருள் இதுதான் என்பது என் கட்சி.

மின்கம்பம் எழுதியது:

எம்பி3 தலைமுறைக்கும் இடம் கொடுங்கள்.

1998-இல் அமெரிக்காவில் வந்த ரியோ பி.எம்.பி.300 பிளேயரில் நினைவகம் 32 மெகாபைட். வழக்கமான 128 கிலோபிட் தரத்தில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மெகாபைட் வேண்டும். கணக்குப் போட்டால் அரை மணி நேரம், அதாவது சி-60 கேசட்டின் ஒரு பக்கம்! முப்பத்தைந்து ஆண்டு வளர்ச்சிக்குப் பிறகு பாதிக் கேசட். இதற்குத்தான் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது.

நம் ஊருக்கு வந்தவை பென்டிரைவ் போலிருக்கும் மலிவுச் சீனப் பிளேயர்கள். அவற்றின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டுகளை அகர வரிசையிலும் பாடாது, கோப்புறை வரிசையிலும் பாடாது. எந்த வரிசையில் நகலெடுத்தீர்களோ அந்த வரிசையில்தான் பாடும். உள்ளே இருக்கும் கோப்புப் பட்டியலை வந்த வரிசையிலேயே படித்துக்கொண்டு போவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. பாட்டுகள் நான் நினைத்த வரிசையில் வர வேண்டுமானால் ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும். நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து.

திரை வைத்த பிளேயர் வாங்கியபின் வேறு தொல்லை. தமிழில் பெயர் எழுதினால் கட்டம் கட்டமாகக் காட்டும். சரி, ஆங்கிலத்தில் எழுதுவோம் என்றால், இளையராஜாவின் பெயரை இணையத்தில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். பிளேயர் அவரை மூன்று நான்கு இசையமைப்பாளர்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் சில பாடல்களைப் பங்கு வைக்கும். பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டைத் திருட்டுத்தனமாக ஏற்றிய இணையதளத்தின் முகவரி இருக்கும். என் பிளேயரின் கணக்குப்படி நான் அதிகம் கேட்ட பாடகர் ஓர் இணையதளம்.

தம்பி2000 எழுதியது:

பெரியவர்களே, எல்லாப் பாட்டும் போனில் இருக்கிறது. விரலால் தொட்டால் வருகிறது. எதற்கு இவ்வளவு டயோட்டும் திருப்புளியும்?

கடைசிப்பெஞ்சு எழுதியது:

தம்பி, சந்தா கட்டாத மாதம் உங்கள் போனில் எத்தனை பாட்டு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

தம்பி2000 எழுதியது:

உங்கள் பரணில் இருக்கும் கேசட்டுகளில் இன்று எத்தனை பாடும் என்று நீங்களும் பார்த்துவிட்டு வாருங்கள் சார்.

தாழம்பூ எழுதியது:

தம்பி கேட்டது எனக்கு உறைத்துவிட்டது. என் அப்பா துபாயில் வேலை பார்த்தபோது கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். அப்போது பல வீடுகளில் அதுதான் வழக்கம். அவற்றில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் புள்ளிகள். ஒரு கடையில் போட்டுப் பார்த்தார்கள், மிக மங்கலாக ஏதோ கேட்டது, உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிவகம் அண்ணா, என்ன செய்யலாம்?

பதிவகம் எழுதியது:

நிறுத்தச் சொன்னது நல்லது. இனி எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். அந்த வெள்ளைப் புள்ளி பூஞ்சை. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பிடிக்கும். அப்படியே ஓடவிட்டால் நாடாவையும் கெடுக்கும், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.

முதலில் அந்தக் கேசட்டின் மேல்முனையில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் பல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உடைத்துவிடுங்கள். பதிவுப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் இனி அழியாது. அடுத்து, கூட்டில் ஐந்து திருகு இருக்கிறதா, ஒட்டிய வகையா? திருகு என்றால் வேலை சுலபம். ஒட்டியது என்றால் ஓரத்தில் கத்தி முனையால் மெல்லப் பிளக்க வேண்டும். அதைப் பழகியவரிடம் விடுங்கள். நாடாச் சுருளை வெளியே எடுத்து, மென்மையான உலர்ந்த துணியால் இரு விளிம்பையும் துடைத்து, திருகு வைத்த வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்ற வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, திறந்த இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

மங்கலாகக் கேட்டதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். கேசட்டின் வாயில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய செப்புத் தகட்டில் ஒரு துண்டு கம்பளி ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். விழுந்தால் நாடா ஹெட்டைத் தொட்டும் தொடாமலும் போகும். புதுக் கூட்டுக்கு மாற்றினால் இதுவும் சேர்ந்து சரியாகும்.

மாற்றிய பிறகு ஒருமுறை முழுவதும் முன்னே சுற்றி, ஒருமுறை பின்னே சுற்றி, பிறகு ஓடவிடுங்கள். உங்கள் அப்பா ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் உள்மைக்கில் பேசியிருப்பார். அதனால் டால்பி பொத்தானை அணைத்தே வையுங்கள். ஹெட் திருகை அவர் குரல் தெளியும் வரை திருப்பிவிட்டு, கணினியில் வேவ் கோப்பாக எடுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு நகலில் செய்யச் சொல்லுங்கள், மூலத்தைத் தொட விடாதீர்கள். அதன் பிறகு ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோக மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் கடைக்காரர் என்னைத் திட்டுவார்.

தாழம்பூ எழுதியது:

அண்ணா, திருச்சியில் ஒரு பழைய மெக்கானிக் நீங்கள் சொன்னபடியே செய்துகொடுத்தார். கம்பளித் துண்டு கூட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்தது. குரல் தெளிவாக வந்துவிட்டது. சொசைட்டிக் கடனை அடைத்தாயிற்றா, தங்கைக்குக் காய்ச்சல் விட்டதா, என் சைக்கிளை யாருக்கும் கொடுக்காதே என்று அப்பா ஒரு பக்கம் முழுக்க வீட்டு விவகாரம் பேசியிருக்கிறார். பின்னணியில் ஏ.சி. ஓடும் சத்தம்கூடக் கேட்கிறது. பேச்சு முடிந்து, 'டக்' என்ற சத்தத்துக்குப் பிறகு ஒரு சினிமாப் பாட்டு நடுச் சரணத்திலிருந்து தொடங்குகிறது. ஏற்கெனவே பாட்டு இருந்த கேசட்டின் மேலேயே பேசி அனுப்பியிருக்கிறார்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சொன்னது: "நான் ஆசையாகப் பதிவுசெய்து கொடுத்தனுப்பிய கேசட் இது. அந்த மனுஷருக்கு வேறு கேசட்டே கிடைக்கவில்லையா?"

சிராங்கூன் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி தாழம்பூ. அந்தக் கோப்பை மினிடிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வெற்றுத் தட்டு என்னிடம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

பதிவகம் எழுதியது:

வேண்டாம் அம்மா.